மீதி

டெஸ்டுக்கு எடுத்தது போக
ட்யூபில் கொஞ்சம் மீந்திருக்கு என்றார் டாக்டர்.
இடுப்பெலும்புக்குள் ஊசி விட்டு எடுத்தது.
"ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளட்டுமா?"

படிவம் தமிழில்தான் இருந்தது, மூன்று பக்கம்.
பெயர் இருக்காது, எண் மட்டும் என்று
இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது.
ஐஸ் பாளம் தூக்கி வெடித்த விரலில்
பேனா நிற்கவில்லை.
கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து ரெனிட்டா சொன்னாள்:
"அப்பா, உன் பேர்ல 'ஞா' கோணலா இருக்கு."

மீதி வைப்பது அவள் பழக்கம்.
இட்லியில் ஓரம், பாலில் அடி,
கணக்கு நோட்டில் கடைசி நாற்பது பக்கம்.
ஏழாம் வயதில் பாதியை
மீதி வைத்துவிட்டுப் போனாள்.

ஜெசிந்தா ஒரே ஒரு தடவை கேட்டாள்:
"அத எங்க வச்சிருக்காங்க?"
ஃப்ரீசரில் என்றேன். மைனஸ் எண்பது.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் எனக்குப் பதினெட்டு வருஷம்;
எங்கள் பாளம் மைனஸ் பத்தைத் தாண்டாது.
எண்பது நான் தொட்டறியாத குளிர்.
"பல்லு கூசும்னு
ஐஸ்கிரீமையே ஊதி ஊதித் தின்னும் அது"
என்றாள்.
அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை
ஒன்றரை வருஷம்.

கார்த்திகைக் கடைசியில் புயல்.
கரண்ட் போய் எட்டு மணி நேரம்.
கம்பெனியில் மெஷின் ஓய்ந்து
பாளங்கள் வியர்க்க ஆரம்பித்தபோதுதான்
எனக்கு உறைத்தது.

போன் போகவில்லை. டவர் விழுந்திருக்க வேண்டும்.
சூசைநாதன் படகுக்கு வாங்கி வைத்த டீசலில்
இரண்டு கேனைக் கேட்காமல் எடுத்து
டிவிஎஸ் பின்னால் கட்டினேன்.
ராஜாஜி சாலையில் முழங்கால் தண்ணீர்.
மெரினாவில் காற்று வண்டியோடு என்னை
நடு ரோட்டுக்கும் ஓரத்துக்கும் தள்ளி விளையாடியது.
மந்தைவெளியில் இறங்கித் தள்ளினேன்.
அடையாறு பாலத்தின் மேல் நின்றபோது
ஆறு எது, இருட்டு எது, தெரியவில்லை.

வாட்ச்மேன் முகத்தில் டார்ச் அடித்தார்.
"யாரப் பாக்கணும்?"
வழியெல்லாம் கோர்த்து வைத்த வாக்கியம்
மழையில் போயிருந்தது.
"எம் பொண்ணு உள்ள இருக்கா."
"எந்த வார்டு?"
"வார்டு இல்ல சார். ஃப்ரீசர்."
டார்ச்சைத் தாழ்த்தினார்.
பேசாமல்
பிணவறைப் பக்கம் கை காட்டினார்.

கடைசியில் ஆராய்ச்சிக் கட்டடத்திலிருந்து
பேண்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு
ஒரு பெண் இறங்கி வந்தாள்.
இரண்டு நாளாய் வீட்டுக்குப் போகாத தலை.
"ஜெனரேட்டர் ஓடுதுங்க, ஆனா டீசல் விடியற வரைக்கும்..."
கேன்களைப் பார்த்துவிட்டு
பாதியில் நிறுத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பீரோ உயரத்தில் மூன்று பெட்டி.
ஒன்றில் சிவப்பு எண் எரிந்தது: மைனஸ் எழுபத்தொன்பது.
"எதுல இருக்கான்னு எனக்கும் தெரியாதுங்க.
பேரே கிடையாது இங்க."
"பரவால்ல மா. எல்லாமே சில்லுனு இருக்கட்டும்."

மருந்து வருமா என்று கேட்டேன்.
சிலதுக்கு வந்திருக்கு, இவளுக்கு வந்த ரகத்துக்கு
இன்னும் நாளாகும் என்றாள்.
"நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள வந்தா சந்தோஷம்."
இருபத்தாறு வயது இருக்கும் அவளுக்கு.
எனக்கு ஆறுதல் சொல்ல முயலாத
அந்த முகத்தைப் பிடித்திருந்தது.

விடிந்து வீடு வந்தேன்.
ஜெசிந்தா எரிந்து குட்டையான மெழுகுவத்தியைக்
கிள்ளி அணைத்துக்கொண்டிருந்தாள்.
சட்டையெல்லாம் டீசல் நாற்றம்; மறைக்க முடியாது.
எல்லாவற்றையும் சொன்னேன்,
வாட்ச்மேன் கை காட்டியதைத் தவிர.

மீன் கூடையிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள்.
செதில் ஒட்டிய நூறு ரூபாய்த் தாள்கள்.
"சூசைநாதன் கத்துவான்.
கேன் காச நானே குடுத்துர்றேன்."

எச்சில் தொட்டு எண்ணினாள்.
பாதியில் விரல் நின்றது.
"எழுபத்தொம்போதா?
அன்னிக்கு எண்பதுன்னுல்ல சொன்ன?"